பட்டறையா, வாசிப்பு வகுப்பா?

படைப்பெழுத்து படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் இரண்டு விதமான வகுப்புகள் இருக்கும். ஒன்று, மாணவர்கள் எழுதியதை மாணவர்களே அலசும் பட்டறை. இன்னொன்று, ஏற்கெனவே அச்சில் வந்த கதைகளை எழுதுபவரின் கண்ணோடு பிரித்துப் பார்க்கும் வாசிப்பு வகுப்பு. பெரும்பாலான பாடத்திட்டங்களில் இரண்டும் உண்டு, விகிதம்தான் மாறும். இங்கிலாந்தில் வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாக இரண்டையும் படித்தேன். மேற்கொண்டு விருப்பப்பாடம் எடுக்கும் கட்டம் வந்தபோது வாசிப்பு வகுப்பைத்தான் எடுத்தேன். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

பட்டறை என்ற முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம். அங்கே 1936இல் தொடங்கியது. பிரிட்டனில் 1970இல் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் அந்த வழியில் வந்தது. முதல் மாணவர், பின்னாளில் பெயர்பெற்ற நாவலாசிரியர் இயன் மெக்யூவன். பின்னால் படித்தவர்களில் கசுவோ இஷிகுரோவுக்கு 2017இல் நோபல் பரிசே கிடைத்தது. இந்தப் பெயர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அவர்கள் அங்கே போகாவிட்டாலும் எழுதியிருப்பார்களா என்று யாராலும் சொல்ல முடியாது.

பட்டறையால் வரும் நன்மைகள் வெளிப்படையானவை: கெடு இருக்கும், எழுதும் நண்பர்கள் கிடைப்பார்கள், முகத்துக்கு நேரே கருத்துக் கேட்டுத் தோல் கொஞ்சம் தடிக்கும். நடைமுறை இப்படி: கதையை ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். வகுப்பில் மற்றவர்கள் பேசுவார்கள். எழுதியவர் கடைசிவரை வாய் திறக்கக் கூடாது.

என் கதை ஒன்றில், கூடத்தில் ஆண்கள் நிலத்தை விற்பது பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். மருமகள் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். வகுப்பில் ஒருவர், அவள் ஏன் பேசவில்லை, பேச வைக்கலாமே என்றார். இன்னொருவர் அவளையே கதையிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். பட்டா அவள் பெயரில் இருந்தது என்பதுதான் கதையே. அந்தச் சொல்லைப் பிடிக்காமல், அது ஏதோ உயில் என்று நினைத்துக்கொண்டு நெடுநேரம் வாதம் செய்தார்கள். விதிப்படி நான் குனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அக்கறையோடுதான் படித்திருந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுதியவர் பேசக் கூடாது என்ற விதி, சுற்றி உட்கார்ந்திருப்பவர்களையே 'பொதுவாசகர்' என்று எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க எழுத்தாளர் மேத்யூ சலெஸ்ஸெஸ் 2021இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் விரிவாகக் கேள்வி கேட்கிறார். இப்போது சில இடங்களில் எழுதியவரே கேள்வி கேட்டு விவாதத்தை நடத்தவும் விடுகிறார்கள்.

வாசிப்பு வகுப்புக்கு வேறு பரம்பரை. 1920களில் கேம்பிரிட்ஜில் விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். பெயர் தெரியாதபோது பெரிய கவிஞர்களையும் தூக்கி எறிந்தார்கள், சுமாரான கவிதைகளையும் கொண்டாடினார்கள். அந்த ஆய்வு 1929இல் நூலாக வந்தது. எழுதுபவர்களுக்கான வகுப்பில் இதே கூர்மையோடு, 'இதன் பொருள் என்ன' என்று கேட்பதற்குப் பதில் 'இதை எப்படிச் செய்தார்' என்று கேட்கிறார்கள்.

வகுப்பில் படித்தவை ருஷ்ய, ஐரிஷ் கதைகள். அந்தப் பழக்கத்தோடு வீட்டில் புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எடுத்தேன். கடவுள் வருவதற்கு முன்பே பிள்ளை சென்னை பிராட்வே முனையில் நின்று மனக்கணக்குப் போடுகிறார்: டிராமில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சும், பஸ்ஸில் போய் கண்டக்டரை ஏய்த்தால் அரை கப் காப்பி. இந்தக் காலணாக் கணக்கு நமக்குள் ஏறிய பிறகுதான் கடவுள் வருகிறார். அதனால் கடவுளையும் நாம் பிள்ளையின் சட்டைப்பை வழியாகத்தான் பார்க்கிறோம். வரிசையை மாற்றி, கடவுளை முதல் வரியில் கொண்டுவந்து பாருங்கள், வெறும் வேடிக்கைக் கதையாகிவிடும்.

என்னைப் பொறுத்தவரை எது மேல் என்று முடிவு செய்வது ஒரே ஒரு கேள்வி: மூன்றாவது வரைவை யார் படிப்பார்கள்? பன்னிரண்டு பேர் இருக்கும் வகுப்பில் வாரம் இரண்டு கதை என்றால் ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் உங்கள் முறை வரும். பத்து வாரப் பருவத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த முறைக்கும் பழைய கதையைத் திருத்திக் கொண்டுபோனால் 'இதைத்தான் படித்துவிட்டோமே' என்று முகத்தில் தெரியும். ஆகவே புதிதாக ஒன்றைக் கொண்டுபோவோம். இப்படி எல்லோர் கையிலும் முதல் வரைவுகள் சேரும், முடிந்த கதை சேராது. படிப்பு முடிந்ததும் குழுவும் கலைந்துவிடும். சிறுகதை உருப்படியாவது நான்காவது ஐந்தாவது வரைவில். அப்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். நாமேதான் நம் கதையை அடுத்தவர் கதைபோல் படிக்க வேண்டும்.

அந்தக் கண் எனக்கு வாசிப்பு வகுப்பில்தான் வாய்த்தது. பிள்ளையின் கணக்கைப் பார்த்த பிறகு என் நிலக்கதையைத் திருப்பிப் பார்த்தேன். நிலத்தின் விலை மூன்றாம் பக்கத்தில் வந்தது. அதையும், பட்டா யார் பெயரில் என்பதையும், தரகர் டீ குடித்தபடி சொல்லும் இரண்டு வரியாக முதல் பக்கத்துக்கு இழுத்தேன். மருமகளுக்கு ஒரு வசனமும் சேர்க்கவில்லை. இப்போது அவள் மௌனத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பட்டறை காட்டிய இடம் சரியான இடம்தான், சொன்ன மருந்துதான் வேறு.

பட்டறைக்கு ஒரு விஷயத்தில் பாதி மதிப்பெண்ணாவது தர வேண்டும். நல்ல கதைகள் தையலை மறைத்துவிடும். சக மாணவரின் பாதி வெந்த வரைவில்தான் ஒரு காட்சி எங்கே நொண்டுகிறது என்று பளிச்சென்று தெரியும். என் முறை வந்த நாட்களைவிட மற்றவர் கதைக்குக் குறிப்பெழுதிய நாட்களில் அதிகம் கற்றேன்.

செலவும் சேர்த்தே யோசியுங்கள். பிரிட்டனில் முதுகலைக்கு உள்ளூர்க்காரருக்கே 10,000 பவுண்டை ஒட்டி ஆகும், வெளிநாட்டு மாணவருக்கு அதைவிட நிறைய. அயோவாவில் பெரும்பாலோருக்கு உதவித்தொகையோ கற்பிக்கும் வேலையோ கிடைத்துவிடுகிறது, ஆனால் இரண்டு வருடம் அங்கேயே போய் இருக்க வேண்டும். தமிழில் எழுதுபவருக்கு வாசிப்பு வழி மிக மலிவு. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, 'தமிழ்ச் சிறுகதை பிறக்கிறது' என்று நம் கதைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு நான்கு பேர் மாதம் ஒருமுறை கூடினாலே ஒரு பருவம் ஓடும்.

நான் சொல்வதெல்லாம் சிறுகதைக்கு. நாடகம் எழுதுபவருக்கு வசனத்தைப் பிறர் வாயில் கேட்டாக வேண்டும், அங்கே பட்டறையே மேலாக இருக்கலாம். கவிதை வகுப்பில் நான் அதிகம் உட்கார்ந்ததில்லை.

சேர்வதென்று முடிவானால் விண்ணப்பிக்கும் முன் மின்னஞ்சலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு பருவத்தில் எத்தனை நூல் படிக்கிறோம்? திருத்திய கதையை மறுபடி வகுப்பில் வைக்கலாமா? இரண்டாவதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால் நான் அடுத்த பல்கலைக்கழகத்தைப் பார்ப்பேன்.