பாவித்த ஜப்பான் ஹோம் தியேட்டர் வாங்க இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எங்கள் 235,000 ரூபாய் எரிந்த விதம்

எங்கள் கிராமத்துச் சனசமூக நிலையத்தின் பணம் 235,000 ரூபாய், ஜப்பானிலிருந்து இறக்கிய பாவித்த மின்சாதனங்களை விற்கும் ஒரு கடையின் பொறுப்பின்மையால் சில நிமிடங்களில் புகையாகிப் போனது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. கண்டி வீதியோரப் பட்டினங்களில் இவ்வகைக் கடைகள் பல இருக்கின்றன என்பதால் பெயரைவிட நடந்த விதத்தை அறிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும். ஹோம் தியேட்டர் ஒன்றை எவ்வாறு சரியாக இணைப்பது என்பதையும் இறுதியில் விளக்குகிறேன்.

நிலையத்தின் பொருளாளர் என்ற முறையில் இந்தப் பணத்துக்குக் கணக்குக் காட்டவேண்டியவன் நான். காலபோக அறுவடை முடிந்த கையோடு வீட்டுக்கு வீடு சேர்த்த பணமும், வெளிநாட்டிலிருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் அனுப்பிய பணமும் அதில் இருந்தன. நிலையத்தில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி ஏற்கெனவே உண்டு. மண்டபத்தில் பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் பேச்சுத் தெளிவாகக் கேட்பதில்லை என்பதற்காகவே ஐந்து ஸ்பீக்கரும், அடித்தொனிக்கென்று ஒரு சப்வூபரும், ஓசையைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் றிசீவரும் கொண்ட ஒரு செட் வாங்கத் தீர்மானித்தோம்.

கடைக்காரர் எங்களை வரவேற்ற விதத்தை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. கதிரை எடுத்துப் போட்டு, தேநீர் வரவழைத்து, றிசீவரின் மேல்மூடியைத் தன் கையாலேயே கழற்றி உள்ளே தூசிகூட இல்லை என்று காட்டினார். "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ அண்ணை, இது அசல் ஜப்பான் சாமான். பொதுவேலைக்கெண்டு வந்திருக்கிறியள், நான் இதிலை இலாபம் பாக்கமாட்டன்" என்றார். பொதுவேலை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததும், என்னோடு வந்திருந்த தலைவர் பேரம் பேசுவதையே நிறுத்திவிட்டார். கடையில் போட்டுக் காட்டியபோது ஓசை அருமையாகவே இருந்தது. மூன்று மாத உத்தரவாதம் என்று பற்றுச்சீட்டில் கையால் எழுதினார்; பூட்டும் கூலி 8,000 ரூபாய் என்று தனி வரியும் எழுதினார்; அதையும் சேர்த்தே 235,000 ரூபாய். "எங்கடை பெடியன் வந்து எல்லாம் பூட்டித் தருவான், நீங்கள் ஒரு வயரும் தொடத் தேவையில்லை" என்று சொல்லி, மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் சிறிய ட்ரான்ஸ்போமர் ஒன்றையும் இலவசமாகத் தூக்கிவைத்தார். பட்டா என்ற சிறு லொறியில் வைக்கோல் பரப்பி அத்தனையையும் ஊருக்குக் கொண்டுவந்தோம்.

பூட்ட வந்தவர் கொண்டுவந்தது மின்குமிழுக்கு இழுக்கும் மெல்லிய வெள்ளை வயர். இரண்டு இழையும் ஒரே நிறம், அடையாளக் கோடு கூட இல்லை. ஸ்பீக்கரின் சிவப்பு முனை றிசீவரின் சிவப்பு முனைக்கும் கறுப்பு கறுப்புக்கும் போகவேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இது மாறினாலும் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றுக்கொன்று எதிராக இயங்கி அடித்தொனி கரைந்துவிடும். அவர் அதைப் பார்த்து இணைக்கவில்லை, கைக்கு வந்த இழையை முறுக்கிச் செருகினார். பின்பக்க ஸ்பீக்கர்களுக்கென்று றிசீவரில் தனி முனைகள் இருந்தும் அவற்றை வெறுமையாக விட்டு, பின் ஸ்பீக்கர் வயர்களை முன் ஸ்பீக்கர் முனைகளிலேயே கூட்டிக் கட்டினார். ஒவ்வொரு ஸ்பீக்கரின் மின்தடையும் 6 ஓம். இரண்டைச் சமாந்தரமாகக் கட்டினால் 3 ஓம் ஆகிவிடும்; தடை குறைந்தால் றிசீவருக்குச் சுமை கூடும். றிசீவரின் முதுகிலோ 6 ஓமுக்குக் குறையக்கூடாது என்று அச்சிடப்பட்டிருந்தது. தொலைக்காட்சியின் ஹெட்போன் துளையிலிருந்து சிவப்பு வெள்ளை வயர் ஒன்றை றிசீவருக்கு இழுத்தார். அந்த வயரில் இடம் வலம் என்ற இரண்டு தடங்கள் மட்டுமே போகும் என்பதால், எந்தப் பேச்சுக்காக இத்தனை பணம் செலவழித்தோமோ அந்தப் பேச்சைத் தரவேண்டிய நடு ஸ்பீக்கர், அவர் வைத்துவிட்டுப் போன ஸ்ரீரியோ நிலையில் ஊமையாகக் கிடந்தது. எல்லாத் தடங்களையும் ஒரே வயரில் கொண்டுபோகக்கூடிய, செட்டோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளின் உறையைக்கூட அவர் பிரிக்கவில்லை.

அன்றிரவே ஓசையைச் சற்றுக் கூட்டியதும் றிசீவர் தானாக நின்றது. மறுபடி போட்டால் சிறிது நேரத்தில் மறுபடி நின்றது. சுமை தாங்காமல் தன்னைக் காத்துக்கொள்ள அது நிற்கிறது என்பது பிறகு தெரிந்தது. தொலைபேசியில் சொன்னபோது "புதுசா ஓடத் தொடங்கினா அப்பிடித்தான், பழகிவிடும்" என்றார் கடைக்காரர். பல அழைப்புகளின் பின்னரே பூட்டியவர் மீண்டும் வந்தார்.

வந்தவர் ஸ்பீக்கர் வயர்களைத் திரும்பியும் பார்க்காமல், ட்ரான்ஸ்போமர் போதாது என்று தீர்ப்பளித்து, அதைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, றிசீவரையும் சப்வூபரையும் நேரே சுவர்ப் பிளக்கில் செருகப் போனார். ஏன் கழற்றுகிறீர்கள் என்று கேட்டேன். "இது 230க்கு மாத்தின செட் அண்ணை" என்றார். அப்படியென்றால் கடையில் ட்ரான்ஸ்போமர் தந்தது எதற்கு என்று நான் கேட்டு முடிப்பதற்குள் சுவிச்சைப் போட்டுவிட்டார். 'டிக்' என்ற சத்தத்தோடு றிசீவர் அணைந்தது. பியூஸ் போய்விட்டது என்று மூடியைத் திறந்து, பியூஸின் குறுக்கே ஒரு செப்பு இழையைச் சுற்றி, மறுபடி போட்டார். இந்தமுறை சப்வூபர் உறுமியது. வார்னிஷ் கருகும் மணம் வந்தது. றிசீவரின் காற்றுத் துவாரங்களால் புகை எழும்பியது. முன்வரிசையில் பாய்விரித்து இருந்த சிறுவர்களை வெளியே அனுப்பவேண்டியிருந்தது.

றிசீவரின் பின்புறம் கடையின் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதை நகத்தால் உரித்துப் பார்த்தேன். அதன் கீழே, மின்வயர் உள்ளே போகும் இடத்துக்குப் பக்கத்தில், ஏசி 100 வோல்ற் என்று தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. சப்வூபரிலும் அதே இடத்தில் அதே சீட்டு. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ற், எங்கள் நாட்டில் 230. இரண்டு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தை உள்ளே இருக்கும் சுருள் எப்படித் தாங்கும்? பட்டினத்துக்குத் திரும்பிப் போய்க் கடையின் மேசைக்கடியில் குனிந்து பார்த்தபோது, அவர் செட்டுகளைப் போட்டுக் காட்டுவதற்கென்றே வைத்திருக்கும் பெரிய ட்ரான்ஸ்போமர் அங்கே இருந்தது. ஆகவே, தெரியாமல் நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம்.

அதன் பின்னர் கேட்ட பதில்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். முதலில், "கறன்ட் கூடி வந்திருக்கும்." பிறகு, எரிந்ததற்கு உத்தரவாதம் இல்லை. பிறகு, கொழும்பிலிருந்து றிசீவருக்குரிய மின்சுற்றுப் போர்ட் வரவேண்டும். பூட்டியவரைக் கேட்டால் தான் கூலிக்கு வந்தவன் என்றார்; கடைக்காரரைக் கேட்டால், "அவன் எங்கடை ஆள் இல்லை" என்றார். பூட்டும் கூலி 8,000 ரூபாய் என்று அவர் கையெழுத்திலேயே இருக்கும் பற்றுச்சீட்டை நீட்டியபோது அதை வாங்கிப் பார்க்கவும் மறுத்துவிட்டார். வாட்சப்பில் அனுப்பும் செய்திகளுக்கு நீலச் சரி மட்டும் விழுகிறது. 235,000 ரூபாய்க்கு ஈடாக அவர் கடைசியாகச் சொன்னது, மிஞ்சிய ஐந்து ஸ்பீக்கர்களையும் 15,000 ரூபாய்க்குத் திருப்பி எடுக்கிறேன் என்பது! போதாக்குறைக்கு, கடையில் நின்ற மற்றவர்கள் முன்னிலையில், "உங்களுக்கு வோல்ற்றைப் பற்றி என்ன தெரியும்" என்றும் கேட்டார். மின்சாரமே இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட சனத்திடம் கேட்கிற கேள்வியா இது?

புதுக்குடியிருப்பில் வானொலி திருத்தும் பெரியவர் ஒருவர் றிசீவரைத் திறந்து, செப்பு இழை சுற்றிய பியூஸை எடுத்து என் கையில் வைத்தார். மின்மாற்றிச் சுருள் கருகிவிட்டது, அதைத் தாண்டிப் போர்டும் போய்விட்டது, திருத்தும் செலவில் வேறொன்று வாங்கலாம் என்றார். மேலே வயர்களைப் பற்றி நான் எழுதியதெல்லாம் அவர் பொறுமையாகச் சொல்லித் தந்தவை.

சரியாக இணைக்கும் முறையை விளக்குவதாகச் சொன்னேன். இப்போது அதற்குரிய நிதானம் என்னிடம் இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் எந்தச் சீட்டையும் உரிக்கச் சொல்லி வோல்ற்றைப் படியுங்கள். 100 என்றிருந்தால் றிசீவர், சப்வூபர் இரண்டின் வாட்டையும் கூட்டி, அதற்கு மேலான ட்ரான்ஸ்போமர் கேளுங்கள். ஒரு முனையில் ஒரு ஸ்பீக்கர் மட்டும். றிசீவரின் எச்டிஎம்ஐ வெளியீட்டிலிருந்து, தொலைக்காட்சியில் ஏஆர்சி என்று அச்சிட்ட துளைக்குக் கேபிள் போகவேண்டும்; தொலைக்காட்சியின் ஓசை றிசீவருக்குத் திரும்பி வருவது அந்தத் துளையால்தான். சப்வூபருக்கு றிசீவரில் தனித் துளை உண்டு. பியூஸுக்குக் குறுக்கே இழை சுற்றுபவரை அந்த நிமிடமே வெளியே அனுப்புங்கள். பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கமும் தொடர் இலக்கமும் பூட்டும் கூலியும் எழுதப்படாவிட்டால் பொருளைத் தூக்காதீர்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டைப் பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். போர்ட் வருகிறது, வருகிறது என்று கடைக்காரர்கள் நாளைக் கடத்துவது எதற்காக என்பது அதைக் கேட்டபோதுதான் விளங்கியது. நாங்கள் பற்றுச்சீட்டின் பிரதியையும், சீட்டு உரித்த பின்புறத்தின் படத்தையும், அந்தப் பியூஸின் படத்தையும் இணைத்து அனுப்பிவிட்டோம். இதேபோல் ஏமாந்தவர்கள் உட்பெட்டியில் எழுதினால் எங்கள் முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதியைத் தருகிறேன். உங்கள் பற்றுச்சீட்டின் திகதியை இன்றே பாருங்கள்.