என் கையெழுத்தோடு திரும்பி வந்த பெல்ட்

லண்டனில் பழைய இத்தாலிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களும், மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒன்றை வாங்க நினைப்பவர்களும் கராஜுக்குக் காசு கொடுக்க முன் இதைப் படியுங்கள். 2024 ஏப்ரலில் ஒரு கராஜுக்கு 1,140 பவுண் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் நான்கு வேலைகள் எழுதியிருந்தார்கள். உண்மையில் நடந்தது ஒன்றுதான். பற்றரியை மாற்றியிருந்தார்கள். அதை மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை.

என்னிடம் இருப்பது 2000ஆம் ஆண்டின் டுகாட்டி மொன்ஸ்டர் 900. எண்ணெய், பிரேக், சங்கிலி எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன். 2022 மார்ச்சில் எஞ்சின் பெல்ட்டுகளையும் நானே மாற்றினேன். இந்தமுறை வெளியே கொடுத்ததற்குக் காரணம் வால்வு, அதாவது எஞ்சினுக்குள் எரிபொருளை விட்டுப் புகையை வெளியேற்றும் கதவு. அந்த வேலைக்கு எனக்குக் கைப்பழக்கம் இல்லை, கொஞ்சம் பயமும் உண்டு.

அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. மற்ற எஞ்சின்களில் வால்வைத் திறக்க ஒரு நெம்பு, மூட ஒரு ஸ்பிரிங். என்னுடையது போன்ற டுகாட்டிகளில் மூடுவதற்கும் தனியாக ஒரு நெம்பு. டெஸ்மோ என்று சொல்வது இதைத்தான். ஃபாபியோ தாலியோனி என்ற பொறியியலாளர் 1956இல் டுகாட்டியின் பந்தய வண்டியில் இதைக் கொண்டுவந்தார். 1968இல் தெருவில் ஓடும் வண்டிக்கும் வந்தது. என் வண்டியில் இரண்டு சிலிண்டர், நான்கு வால்வு. ஒவ்வொன்றுக்கும் திறக்கும் இடைவெளி ஒன்று, மூடும் இடைவெளி ஒன்று. ஆக எட்டு இடைவெளிகளை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் அளந்து, பிழையானவற்றுக்குச் சரியான தடிப்பில் சிறு தகடு போடவேண்டும். இந்த எட்டு என்ற எண்ணை நினைவில் வைத்திருங்கள்.

அந்த வால்வுகளை ஓட்டுவது இரண்டு ரப்பர் பெல்ட். 1979இல் பாந்தா என்ற மொடல் வரும்வரை டுகாட்டி இந்த வேலைக்குப் பற்சக்கரமும் தண்டும் வைத்திருந்தது. அதைப் பொருத்துவதற்கே நாள்கணக்கில் பொறுமை வேண்டும் என்பார்கள். பெல்ட் சுலபம், மலிவு. ஆனால் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடிக்கும், எஞ்சின் பாழ். அதனால்தான் 12,000 மைல் அல்லது இரண்டு வருடம், எது முந்துகிறதோ அதில் மாற்று என்கிறது கையேடு. நான் ஓடியது 5,000 மைலுக்குள்தான், ஆனால் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. போதாததற்கு, நிறுத்தி வைத்தால் ஒரு கிழமையில் பற்றரி இறங்கத் தொடங்கியது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுத்துவிடுவோம் என்று நினைத்தேன்.

கராஜின் பெயரை இங்கே எழுதவில்லை. பிணக்கு இன்னும் முடியவில்லை. அதைவிட, பெயரை எழுதினால் நீங்கள் அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்துவிட்டு, இதே வித்தையை அடுத்த கடையில் காசு கொடுத்துப் பார்ப்பீர்கள்.

வாசலில் பழைய இத்தாலியக் கொடி, உள்ளே சுவர் நிறையப் பந்தயப் படங்கள். உரிமையாளர் நன்றாகப் பேசினார். "இந்த வண்டிகளை எல்லோரும் தொடக்கூடாது. வீட்டில் கைவைத்துக் கெடுத்துக்கொண்டு கடைசியில் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள்" என்றார். நானும் வீட்டில் கைவைப்பவன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம்தான் பிறகு எனக்கு உதவியது என்பது வேறு கதை.

இரண்டு கிழமை என்றவர் ஐந்து கிழமை எடுத்தார். வண்டியை எடுக்கப் போனபோது கார்ட் இயந்திரம் வேலை செய்யவில்லை, காசை வங்கிக்கு நேரே அனுப்பிவிடுங்கள் என்றார். அனுப்பினேன். பெல்ட் இரண்டும் கூலியும் 290, வால்வு இடைவெளி பார்த்துச் சரிசெய்தது 430, ரெகுலேற்றர் (பற்றரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் பெட்டி) 260, பற்றரி 160. கழற்றிய பழைய சாமான் எங்கே என்று கேட்டேன். அன்று காலைதான் குப்பை வண்டி வந்து போனதாம்.

அந்த இடத்தில் நான் விழித்திருக்க வேண்டும். என் சித்தப்பா யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறை அது. ஒரு புஷ் மாற்றினாலும் பழையதைப் பேப்பரில் சுற்றி வண்டிக்காரரின் கையில் கொடுப்பார். "தம்பி, பழைய சாமானைக் காட்டாதவன் புதிய சாமானைப் போடவில்லை" என்று எனக்குச் சொன்னவரும் அவர்தான். ஒரு கொடியையும் நாலு படங்களையும் கண்டதும் அதை மறந்துவிட்டேன்.

மூன்று கிழமை கழித்து, ஹரோவில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குப் போகும் வழியில், நோர்த் சேர்க்குலர் வீதியில் மீற்றர் முள்ளெல்லாம் விழுந்து வண்டி நின்றது. மண்டபத்துக்கு டாக்சியில் போய் இறங்கினேன். தலைக்கவசமும் கையுமாகப் புகைப்பட வரிசையில் நின்றவனைப் பெரியம்மா பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

மறுநாள் காலை, மின்சாரத்தை அளக்கும் மல்டிமீற்றரை எடுத்தேன். இது 15 பவுணுக்கு வாங்கியது. எந்தப் பழைய இத்தாலிய வண்டியை வாங்கினாலும் ஸ்பனருக்கு முன் இதை வாங்குங்கள். பற்றரியை இரவு முழுக்கச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தேன். 12.7 வோல்ட், குறையில்லை. எஞ்சினைக் கிளப்பி நிமிடத்துக்கு 3,000 சுற்றில் வைத்து அளந்தால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் காட்டவேண்டும். காட்டியது 12.2, அதுவும் இறங்கிக்கொண்டே போனது. பற்றரிக்குள் ஒன்றுமே போகவில்லை.

எஞ்சினுக்குள் இருக்கும் மின்பிறப்பாக்கியிலிருந்து மூன்று மஞ்சள் வயர்கள் ரெகுலேற்றருக்குப் போகின்றன. இவை சந்திக்கும் பிளாஸ்டிக் பிளக்தான் அந்தக் காலத்து டுகாட்டிகளின் பெயர்போன பலவீனம். பிளக்கைப் பிரித்து, எஞ்சின் ஓடும்போது மஞ்சள் வயர்களை இரண்டிரண்டாக அளந்தேன். மூன்று சோடியிலும் ஒரே அளவு, சுற்றைக் கூட்டினால் அளவும் கூடியது. வயர்களுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே தொடுப்பும் இல்லை. ஆக, பிறப்பாக்கி சுகம். பிளக்கைத் திருப்பிப் பார்த்தால் மூன்று துளைகளில் ஒன்று கருகி, தேன் நிறத்தில் உருகியிருந்தது. கோளாறு முழுவதும் அந்த ஒரு துளையில்தான். தொடுப்பு இருக்கும்போது சார்ஜ் ஏறியிருக்கிறது, இல்லாதபோது இறங்கியிருக்கிறது. புதிய பற்றரி அந்தக் குறையை மூன்று கிழமை மறைத்தது. கராஜில் ஒருவர் மீற்றரைக் கையில் எடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு மூன்று வயர்களையும் நேரே ஈயம் வைத்து ஒட்டி, மேலே சூட்டில் சுருங்கும் உறையைப் போட்டேன். செலவு ஐந்து பவுணுக்கும் குறைவு. மீற்றர் 14.1 காட்டியது. மகிழ்ச்சியோடு கருவிகளை எடுத்து வைக்கும்போதுதான் ரெகுலேற்றரைக் கவனித்தேன். 260 பவுணுக்குப் புதிதாகப் போட்ட ரெகுலேற்றர். அதன் விளிம்புகளுக்கிடையில் வருடக்கணக்கான சங்கிலி எண்ணெயும் சேறும். அதைத் தாங்கிய இரண்டு போல்ட்டில் ஒன்று, சமையலறை அலுமாரியிலிருந்து நான் களவெடுத்துப் போட்ட பொருந்தாத போல்ட். அப்படியே இருந்தது.

பிறகு வேறு யோசனையே வரவில்லை. பெல்ட் மூடிகளைக் கழற்றினேன்.

2022இல் பெல்ட் போட்டபோது, எது எந்தச் சிலிண்டருக்கு என்று குழம்பாமல் இருக்க ஒவ்வொன்றின் வெளிப்புறத்திலும் வெள்ளை மையால் எழுதியிருந்தேன். முன் சிலிண்டருக்கு "மு", பின் சிலிண்டருக்கு "பி", பக்கத்தில் 03/22. மூடியைத் திறந்ததும் "மு" என்னைப் பார்த்தது. எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினேன், "பி"யும் வந்தது. டுகாட்டி தொழிற்சாலை இருக்கும் பொலோஞாவிலிருந்து யாரும் தமிழில் எழுதி அனுப்புவதில்லை.

படம் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். உரிமையாளர் பத்து நிமிடத்தில் மூன்று கதை சொன்னார். முதலாவது, வேலைக்கு இருந்த பையன் மறந்திருப்பான். இரண்டாவது, வந்த புதிய பெல்ட்டுகளில் குறை இருந்ததால் பழையதையே திருப்பிப் போட்டார்களாம். மூன்றாவது, கழற்றும்போது அடையாளத்துக்காக அவர்களே எழுதியது. "என்ன மொழியில்?" என்று கேட்டேன். பதில் இல்லை. நான் பெல்ட்டைப் பிரிக்கத் தெரிந்தவன் என்பதை முதல் நாளே சொல்லியிருந்தால் இன்னும் கவனமாக ஏமாற்றியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சத்தம் போட்டுப் பயனில்லை. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, இந்த நாட்டில் காசுக்குச் செய்யும் வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யவேண்டும். செய்யாவிட்டால் மீண்டும் செய்து தரும்படி கேட்கலாம், அது நடக்காவிட்டால் காசைக் குறைக்கும்படி கேட்கலாம். படங்களையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்து, 14 நாள் அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகு சிறு வழக்கு நீதிமன்றம் என்று கடிதம் எழுதினேன். இங்கிலாந்தில் 10,000 பவுண் வரையான பிணக்குகளை அங்கே கொண்டுபோகலாம், சட்டத்தரணி தேவையில்லை. பன்னிரண்டாம் நாள் 550 பவுண் வங்கிக்கு வந்தது. பெல்ட்டும் ரெகுலேற்றரும். மன்னிப்பு என்று ஒரு சொல்லும் வரவில்லை.

கார்ட் இயந்திரத்தின் "பழுது" இப்போதுதான் விளங்கியது. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. 100 பவுணுக்கு மேல், 30,000 பவுண் வரையான விலைக்குக் கடனட்டையில் கட்டினால், கடைக்காரரோடு சேர்த்துக் கடனட்டை நிறுவனமும் பொறுப்பு. ஒரு பகுதியை மட்டும் கட்டினாலும் போதும். வங்கிக்கு நேரே அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. இயந்திரம் வேலை செய்யவில்லை என்றால், செய்யும் நாளில் வந்து கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த நிமிடமே வேலை செய்யும்.

மீதி 430 பவுண் வால்வுக்கு. இதில்தான் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன், நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியதும் இதைத்தான். பெல்ட் கண்ணுக்குத் தெரியும், ரெகுலேற்றரும் தெரியும். வால்வு இடைவெளியை அளந்தார்களா இல்லையா என்பது வெளியே தெரியாது. "பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது" என்றால் முடிந்தது. வால்வு மூடியின் போல்ட் தலைகளில் பழைய அழுக்கு அப்படியே இருந்ததைப் படம் எடுத்து அனுப்பினேன். மழையில் ஓட்டினால் அழுக்குப் பிடிக்கத்தான் செய்யும் என்று பதில் வந்தது.

ஆகவே வண்டியைக் கொடுக்கும்போதே எட்டு அளவுகளையும் எழுதித் தரவேண்டும் என்று கேளுங்கள். வேலைக்கு முன் இருந்தது, வேலைக்குப் பின் இருப்பது, போட்ட தகட்டின் தடிப்பு. உண்மையாக அளப்பவர் எப்படியும் ஒரு துண்டில் எழுதித்தான் ஆகவேண்டும், எட்டு எண்ணை யாரும் தலையில் வைத்திருக்க முடியாது. அந்தத் துண்டைத் தர முடியாது என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். கூடவே மூடிகளின் போல்ட் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை மெல்லிய கோடாக நகப்பூச்சு இழுத்து, படம் எடுத்து வையுங்கள். போல்ட் திரும்பினால் கோடு உடையும். எனக்கு மனைவியின் சிவப்புச் சீசா உதவுகிறது. அவளுக்கு இன்னும் தெரியாது.

வண்டியை விலைக்கு வாங்குபவர்களுக்கும் இதே கதைதான். "பெல்ட் இப்போதுதான் மாற்றியது" என்ற வரி இல்லாத விற்பனை விளம்பரத்தை நான் கண்டதில்லை. சேவைப் புத்தகத்தில் முத்திரை இருக்கும். முத்திரை ரப்பரால் செய்தது. என் புத்தகத்திலும் அந்த ஏப்ரல் மாதத்துக்கு அழகான நீல முத்திரை இருக்கிறது. வருடாந்த எம்ஓடி தகுதிச் சோதனையில் பிரேக், விளக்கு, ரயர் பார்ப்பார்களே தவிர, பெல்ட் மூடியைத் திறக்க மாட்டார்கள். எம்ஓடி வரலாற்றை அரசின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஒவ்வொரு வருடமும் ஓடிய மைல் தெரியும். அது மைலைத் திருப்பியவரைப் பிடிக்க உதவும், பெல்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. வாங்கிய முதல் கிழமையில் பெல்ட்டை நீங்களே மாற்றுவதாகக் கணக்குப் போட்டு விலை பேசுங்கள்.

மாற்றுவது நினைக்கும் அளவுக்குக் கடினமில்லை. அடையாளக் குறிகளை நேராக்கிவிட்டு, பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டு, இழுவையைச் சரிபார்க்க வேண்டும். நான் பெல்ட்டை விரலால் மீட்டி, கைபேசியில் உள்ள சுருதிமானியில் 110 ஹெர்ட்ஸ் வருகிறதா என்று பார்ப்பேன். மகளின் கிற்றாரில் ஐந்தாவது தந்தியின் சுருதி அதுவே. உங்கள் மொடலுக்கு என்ன அளவு என்பதைக் கையேட்டில் பாருங்கள், என்னுடையதை அப்படியே எடுக்காதீர்கள்.

வால்வுக்கு இப்போது எசெக்ஸ் பக்கத்தில் ஒரு முதியவர் கிடைத்திருக்கிறார். கொடியும் இல்லை, படமும் இல்லை. பக்கத்தில் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். கையில் விளக்கைக் கொடுத்துப் பிடித்துக்கொள் என்றார். எட்டு இடைவெளியில் மூன்று பிழை. பின் சிலிண்டரின் மூடும் பக்கம் ஒன்று, தகட்டை மாற்ற வேண்டிய அளவுக்குத் தளர்ந்திருந்தது. எட்டையும் பெல்ட் வந்த அட்டைப் பெட்டியின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி, கழற்றிய தகடுகளை ஒரு சிறு பையில் போட்டுத் தந்தார். அட்டையின் படத்தை அந்தக் கராஜுக்கு இரண்டாவது கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். 14 நாள் வருகிற வியாழக்கிழமை முடிகிறது.