சித்தப்பிரசாத்தின் கறுப்பு மை

‘ஹங்கிரி பெங்கால்’ மறுபதிப்பு கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். 1943 நவம்பரில் வங்காளத்தின் மேதினிப்பூர் மாவட்டம் முழுக்க அலைந்து, பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தவர்களை ஓவியர் சித்தப்பிரசாத் மையால் வரைந்து எழுதிய சிறு நூல் இது. பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறித்து அழித்தது. குடும்பத்தார் பொத்திவைத்திருந்த ஒரு பிரதியைக் கொண்டு, டெல்லி ஆர்ட் கேலரி 2011இல் மறுபடி அச்சிட்டது.

விலா எலும்புகளைப் பாருங்கள்: சில தடித்த கோடுகள், இடையில் வெறும் தாள். பசி அப்படியே தெரிகிறது. தான் வரைந்த மனிதர்களின் பெயரையும் ஊரையும் கேட்டுக் குறித்திருக்கிறாரே, அந்த மரியாதைதான் என்னை உலுக்கியது. 1978இல் மறைந்த இப்பெருங்கலைஞரைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை என்பது எனக்குப் பெரிய ஆற்றாமை. உரை ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. யாராவது தமிழில் கொண்டுவர வேண்டும்.