அக்காவின் கை நடுக்கத்துக்கு வாங்கிய கனமான ஸ்பூன்

மனநிலை அளவுக்கு மீறி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் பைபோலார் நோய்க்காக அக்கா பல வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறாள். அதனால் கையை நீட்டும்போது விரல்களில் மெல்லிய, வேகமான நடுக்கம் வரும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கூடிவிடும். அவளுக்காகத்தான் தடித்த ரப்பர் பிடி போட்ட இந்தக் கனமான ஸ்பூனை வாங்கினோம்.

இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. பிடி உள்ளங்கையில் நன்றாக உட்காருகிறது, கனம் நடுக்கத்தைக் கொஞ்சம் அமுக்குகிறது. சூப் வாய் வரை சிந்தாமல் போகிறது. அடுத்தவர் முன்னால் சாப்பிடவே மாட்டேன் என்றிருந்தவள் இப்போது எங்களோடு உட்காருகிறாள். எனக்கு அதுதான் பெரிசு.

பிடியும் உலோகமும் சேரும் இடத்தில் அழுக்கு தங்குகிறது; கழுவப் பொறுமை வேண்டும். கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள். மனநோய் மருந்துகளால் கை விறைத்து, அசைவே மெதுவாகிப் போனவர்களுக்கு இந்தக் கனம் சுமையாகலாம். அவர்கள் தடித்த பிடியுள்ள லேசான ஸ்பூனை முதலில் பார்க்கட்டும். எதுவானாலும், அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் கையைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

அப்புறம், நடுக்கம் திடீரென்று பெரிதானாலோ, வாந்தி, தள்ளாட்டம் சேர்ந்து வந்தாலோ ஸ்பூனைத் தேடாதீர்கள். ரத்தத்தில் லித்தியம் கூடியிருக்கலாம். உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.