ரீலோட் செய்தும் டவுன்லோடே ஆகிறதா? குரோம், ஃபயர்பாக்ஸ் கேஷ் வசதிகள் ஓர் ஒப்பீடு

சர்வரில் ஏற்றிய ஏவிஐஎஃப் படத்தின் லிங்க்கைத் தட்டினால், படம் திறக்காமல் டவுன்லோடு ஆகிறது. பிரவுசர்மேல் குற்றமில்லை. குரோம் 85 முதலும் ஃபயர்பாக்ஸ் 93 முதலும் இந்த ஃபார்மட் திறக்கும். எந்த எக்ஸ்டென்ஷன் எந்த வகை ஃபைல் என்று பிரவுசருக்குச் சொல்ல சர்வர் வைத்திருக்கும் மைம் டைப் பட்டியல்தான் பழசு. தெரியாத எக்ஸ்டென்ஷனுக்கு 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' (வகை தெரியாத வெறும் பைட்டுகள்) என்று அனுப்பிவிடுகிறது; பிரவுசரும் டவுன்லோடு செய்துவிடுகிறது. அதைத் திருத்திய பிறகும், பிரவுசர் சேமித்துவைத்த பழைய நகலால் (இதுதான் கேஷ்) டவுன்லோடே ஆகும்போதுதான் இரண்டு பிரவுசர்களின் லட்சணமும் தெரியவருகிறது.

எஃப்5 உதவாது. லிங்க் டவுன்லோடில் முடிந்ததால் டேப் பழைய பக்கத்திலேயே நிற்கிறது. ரீலோட் ஆவது அந்தப் பக்கம்தான், ஃபைல் அல்ல. கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஆர் அடித்தாலும் அதே கதை. முகவரியை ஒட்டி என்டர் தட்டினால்? மேக்ஸ்-ஏஜ் (நகலை வைத்துக்கொள்ள சர்வர் தந்த கெடு) முடியாதவரை பிரவுசர் சர்வரைக் கேட்கவே கேட்காது. முடிந்திருந்தால், நகலோடு வந்த ஈடேக் என்ற அடையாளக் குறியைக் காட்டி, மாறிவிட்டதா என்று கேட்கும். ஃபைல் மாறாததால் சர்வர் 304, அதாவது 'மாறவில்லை' என்று சொல்லிவிடும். சிக்கலே இந்த 304தான். அது வந்தால் இரண்டு பிரவுசர்களுமே கேஷில் உள்ள கன்டென்ட்-டைப்பை (சர்வர் முன்பு சொன்ன ஃபைல் வகை) தொடுவதில்லை. கர்லில் (கமாண்ட் லைனிலிருந்து சர்வரைக் கேட்கும் கருவி) சரியாகத் தெரியும் டைப், பிரவுசரில் மட்டும் பழையதாகவே கிடக்கும்.

நோயைக் கண்டுபிடிக்க ஃபயர்பாக்ஸ்தான் கெட்டி. முகவரிப் பட்டையில் 'அபவுட்:கேஷ்' என்று அடித்து, டிஸ்க் பகுதியின் பட்டியலில் அந்த முகவரியைத் தட்டினால், சேமித்துவைத்த ஹெடர் (ஃபைலோடு சர்வர் அனுப்பிய விவரங்கள்) காலாவதித் தேதியோடு அப்படியே தெரியும். பார்க்கத்தான் முடியும், அந்த ஒன்றை மட்டும் அழிக்க வழியில்லை. குரோமிலும் இப்படி ஒரு பக்கம் இருந்தது, எடுத்துவிட்டார்கள். ஏன்தான் எடுத்தார்களோ!

மருந்து இரண்டிலும் ஒன்றுதான். எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பேனலில் 'டிஸேபிள் கேஷ்' டிக் செய்து, பேனலை மூடாமல் அதே டேபில் முகவரியை ஒட்டி என்டர் தட்ட வேண்டும். புது டேபில் திறக்கும் லிங்க்கைத் தட்டினால் பலிக்காது. டிக் அந்த டேபுக்கு மட்டும்தான். படம் திறந்ததும் டேப் ஃபைலில் வந்து நிற்கும். இப்போது டிக்கை எடுத்துவிட்டு ஒருமுறை கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஆர் அடித்தால் கேஷிலும் புதியது ஏறிவிடும். குரோமின் அப்ளிகேஷன் பேனலில் இருக்கும் 'கேஷ் ஸ்டோரேஜ்' பலரை ஏமாற்றும். அது சர்வீஸ் ஒர்க்கர் (தளத்தின் பின்னணி ஸ்கிரிப்ட்) வகையறா, இந்தச் சிக்கலுக்குச் சம்பந்தமில்லை. நெட்வொர்க் பேனலில் ரைட் கிளிக் செய்தால் வரும் 'கிளியர் பிரவுசர் கேஷ்' எல்லாத் தளங்களின் கேஷையும் துடைத்துவிடும்; மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் வேலை.

தளத்துக்கு வருகிறவர்கள் யாரும் எஃப்12 தட்டப் போவதில்லை. அவர்களுக்காக லிங்க்கின் கடைசியில் கேள்விக்குறி போட்டு 'வி=2' சேர்ப்பதே நல்லது; முகவரியே வேறு என்பதால் பழைய கேஷ் குறுக்கே வராது. முகவரியை மாற்ற முடியாதென்றால் ஃபைலை 'டச்' செய்யலாம் (உள்ளடக்கத்தைத் தொடாமல் மாறிய நேரத்தை மட்டும் புதுப்பிக்கும் கமாண்ட்). என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் ஈடேக்கை ஃபைல் மாறிய நேரத்தையும் அளவையும் வைத்துத்தான் உருவாக்குகிறது. நேரம் மாறினால் 304க்குப் பதில் 200, அதாவது முழு ஃபைலும் புதிதாக வரும். ஆனால் மேக்ஸ்-ஏஜ் முடிந்தவர்களுக்கு மட்டுமே இது உதவும்.

டைப்பைத் திருத்தும்போதும் கவனம். என்ஜின்எக்ஸின் கான்ஃபிக் ஃபைலில் ஏவிஐஎஃப்புக்கென்று 'சர்வர்' பிளாக்குக்குள் தனியாக ஒரு 'டைப்ஸ்' எழுதினால், மேலே இருக்கும் முழுப் பட்டியலும் அங்கே செல்லாமல் போய், சிஎஸ்எஸ்கூட ஆக்டெட்-ஸ்ட்ரீமாகக் கிளம்பும். மைம்.டைப்ஸ் ஃபைலிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.