கெசியோ எம்கியூ-24, மூணு மாசம் கட்டிப் பாத்ததில

முதல்லயே சொல்லிடுறன், நான் மணிக்கூடு சேக்கிற ஆளெல்லாம் கிடையாது. பத்து வருஷமா போனிலதான் நேரம் பாத்து வந்தன். இந்த வருஷம் படுவான்கரையில, அதாவது மட்டக்களப்பு வாவிக்கு அங்கால மேற்குப் பக்கம், ஒரு ஸ்கூலுக்கு மாற்றம் வந்திட்டு, காலையில குருக்கள்மடத்துக்குப் போய் மோட்டார் சைக்கிளப் பாதையில ஏத்தி அம்பிளாந்துறையில இறங்கி அங்கால ஓடோணும் (வெளியூர் ஆக்கள் குழம்பாதீங்க, எங்கட ஊரில பாதை எண்டா ஆத்தில ஆளையும் சைக்கிளையும் ஏத்திப் போற மிதவை). 7.30க்கு வரவுப் புத்தகத்தில சிவப்புக் கோடு விழுந்திரும். மழைக் கோட்டுக்குள்ளால பொக்கற்றுக்க கைய விட்டு போனை எடுத்து நேரம் பாக்கிறதுக்குள்ள அது ஒருக்கா ஆத்துக்குள்ளயே போகப் பாத்தது. அதோட வகுப்பில போனை எடுத்தா, நேரம் பாக்கத்தான் எண்டு சொன்னாலும் புள்ளைகள் நம்பாது, "சேர் பேஸ்புக் பாக்கிறார்" எண்டு வீட்ட போய்ச் சொல்லுங்கள்.

அப்ப எனக்குத் தேவை என்னெண்டா வெள்ள முகம், மூணு முள்ளு, தெளிவா ஒரு இலக்கம். தேதி வேணாம், தங்கக் கலர் வேணாம், பெருசா கோப்பை மாதிரி வேணாம், விலை ஏழாயிரத்துக்குள்ள. நான் சித்திரம் படிப்பிக்கிற ஆள், அதால இந்த மினிமலிஸ்ட் எண்டு சொல்லுற சாமானில கொஞ்சம் கிறுக்கும் இருக்கு. ஜேர்மனியில பௌஹவுஸ் எண்ட கலைப் பள்ளியில படிச்ச மெக்ஸ் பில் எண்டவர் 1961ல ஜூங்ஹான்ஸ் கொம்பனிக்கு ஒரு கைமணிக்கூடு வரைஞ்சு குடுத்தார், மெல்லிசாக் கோடு, மெல்லிசா முள்ளு, வேற ஒண்டும் இல்ல, இண்டைக்குப் பாத்தாலும் பழசாத் தெரியாது. 1989ல பிரோன் கொம்பனிக்கு டீட்ரிச் லூப்ஸ் செய்த ஏடபிள்யூ 10 எண்ட கைமணிக்கூடும் அப்படித்தான். பிறகு 2011ல சுவீடனில டேனியல் வெலிங்டன் எண்ட கொம்பனி தொடங்கி அந்த மெல்லிசான வட்ட முகத்த இன்ஸ்டாகிராமில விட்டுப் பிரபலமாக்கினாப் பிறகு ஆயிரம் பேர் அதப் பாத்து அடிச்சு விக்கிறாங்க. அந்த ஆயிரத்தில ஒண்டுதான் என்னட்ட முதல்ல வந்தது.

ஒரு ஒன்லைன் பக்கத்தில பாத்தன், பேர் வேணாம். 2,990 ரூபா, டெலிவரி தனி, சாமான் வந்தாப் பிறகு காசு. படத்தில அப்படி ஒரு வடிவு. வந்த பெட்டியும் நல்ல பெட்டி, மனிசி அதில இப்ப சட்டைப்பின் போட்டு வச்சிருக்கா. மணிக்கூடும் கட்டினவுடன வடிவாத்தான் இருந்தது, ஸ்டாஃப் ரூமில ரெண்டு பேர் எங்க எடுத்த எண்டு கேட்டாங்க. ஒரு கிழமையில தோல் எண்டு சொன்ன பட்டி வெடிச்சு உள்ளுக்குக் கடதாசி மாதிரி ஒண்டு தெரிஞ்சுது. ரெண்டாம் கிழமை மணிக்கட்டில பச்சையா ஒரு வளையம். மூணாம் கிழமை ஆத்தில மழைக்குள்ள மாட்டுப்பட்டு, அடுத்த நாள் கண்ணாடிக்குள்ள மூடுபனி, செக்கன் முள்ளு ஒன்பதுக்கிட்ட நிண்டு துடிக்குது ஏறமாட்டன் எண்டு. பின்பக்கம் வோட்டர் ரெசிஸ்டன்ட் 30 மீட்டர் எண்டு அடிச்சு வேற கிடக்கு. பக்கத்துக்கு மெசேஜ் போட்டா ப்ளூ டிக் மட்டும் விழும்.

டவுனில ஒரு கடை வாசலோரம் கண்ணாடிப் பெட்டி வச்சு மணிக்கூடு திருத்துற ஒரு ஐயா இருக்கார், அவரிட்ட கொண்டு போனன். ஒத்தைக் கண்ணில அந்தப் பூதக்கண்ணாடிய மாட்டி, பின்மூடியக் கத்தியால நெம்பித் திறந்து, என்னக் கூப்பிட்டுக் காட்டினார். அவ்வளவு பெரிய வட்டத்துக்குள்ள நடுவில சின்னதா ஒரு மெஷின், சுத்திவர இடத்த நிரப்ப வெள்ளப் பிளாஸ்டிக் வளையம். "தம்பி, மெஷினில பிழையில்ல, இந்தச் சின்ன மெஷினே அஞ்சு வருஷம் ஓடும், ஆனா இஞ்ச பாருங்க" எண்டு மூடிட விளிம்பத் தடவிக் காட்டினார். அந்த இடத்தில மெல்லிசா ஒரு ரப்பர் வாஷர் இருக்கோணும், தண்ணிய மறிக்கிறதே அதுதான். அது இல்லவே இல்ல. இதில எனக்கு வந்த கோவம் என்னெண்டா, மினிமலிஸ்ட் எண்டு சொல்லி இலக்கத்தக் குறைச்சான் கோட்டக் குறைச்சான் சரி, அதோட சேத்து வாஷரையும் குறைச்சிட்டான். வெளியில குறைக்கிறது ஒரு கலை, உள்ளுக்குக் குறைக்கிறது களவு.

30 மீட்டர் எண்டதப் பத்தியும் அவர்தான் சொன்னார். ஒழுங்கான கொம்பனி போட்டாலே அது முப்பது மீட்டர் ஆழத்துக்கு மூழ்கலாம் எண்டு அர்த்தமில்லையாம், அசையாம வச்சு அழுத்தத்தில சோதிக்கிற கணக்கு, கை கழுவுறது மழைத்தூறல் மட்டுக்கும்தான். கையோட நீந்தோணும் எண்டா நூறு எண்டு போட்டத எடுக்கோணும். இது தெரியாம எங்கட எத்தின பெடியள் 30 மீட்டர் வோச்சோட கல்லடிக் கடலுக்க இறங்கியிருப்பாங்க.

சரி, இனி விஷயத்துக்கு வாறன். அந்த ஐயாதான் "இவ்வளவு காசுக்குள்ள எண்டா கெசியோவில முள்ளு வச்சது ஒண்டு எடுங்க" எண்டார். காத்தான்குடிக்குப் போனன், அந்த ஈச்ச மரம் வச்ச மெயின் ரோட்டில ஒரு கடை. கடைக்கார நானா முதல்ல எடுத்து வச்சது எஃப்-91டபிள்யூ, அந்த டிஜிட்டல், எல்லாருக்கும் தெரிஞ்சது, 1989ல வந்த சாமான் இன்னும் விக்குது, ஒரு பெட்டரி ஏழு வருஷம் எண்டு கொம்பனி சொல்லுது. "இதிலதான் டூப் கூட, வலப்பக்கப் பட்டன மூணு செக்கன் அமத்திப் பிடிங்க, கெசியோ எண்டு எழுத்து வந்தா ஒறிஜினல்" எண்டு செய்தும் காட்டினார். விலையும் குறைவு. ஆனா எனக்கு முள்ளுதான் வேணும் எண்டு நிண்டன். ஏனெண்டா 6.48 எண்டு இலக்கத்தில கண்டா நான் கழிச்சுப் பாக்கோணும், முள்ளில கண்டா இன்னும் எவ்வளவு கிடக்கு எண்டு இடமாத் தெரியும், ஒரு துண்டு பிட்டு மாதிரி. பாதை அக்கரையில நிக்கேக்க அந்தத் துண்டுதான் எனக்குத் தேவை.

அப்பதான் எம்கியூ-24 வந்தது. வெள்ள முகம், கறுப்பு இலக்கம், கறுப்பு ரெசின் (ஒரு வகைப் பிளாஸ்டிக்) பட்டி, தேதி இல்ல. அகலம் 35 மில்லிமீட்டர், தடிப்பு 8க்குக் கிட்ட, மொத்த நிறை 20 கிராம்தான். கையில எடுத்தவுடன விளையாட்டுச் சாமான் எண்டுதான் நினைச்சன், உண்மையாச் சொன்னா ஆறாயிரம் குடுக்க மனமே வரல்ல. நானா முந்நூறு குறைச்சார், வொறன்டி கார்டில சீல் அடிச்சுத் தந்தார், முடிஞ்சுது.

மூணு மாசம் ஆகுது. நல்லது எண்டு பாத்தா முதல் விஷயம், கட்டியிருக்கிறதே மறந்திரும். வேர்வைக்குப் பச்சை வளையம் இல்ல, ஏனெண்டா அதில தோலில படுற உலோகம் பின்மூடி மட்டுந்தான், அதுவும் ஸ்டெயின்லஸ் ஸ்டீல். எங்கட உப்புக் காத்துக்கும் சித்திரை வெயிலுக்கும் பூச்சுப் பூசின மலிவு உலோகத்த விட இந்தப் பிளாஸ்டிக் நூறு மடங்கு மேல். பாதையில மழை, வகுப்பில பெயின்ட் தண்ணி, வீட்ட பாத்திரம் கழுவுறது எல்லாம் பாத்திட்டு. கண்ணாடியும் பிளாஸ்டிக்தான், சுவரில உரசி ஒரு கீறு விழுந்துது, பற்பசை போட்டுத் துணியால பத்து நிமிஷம் தேச்சன், முக்கால்வாசி போயிட்டு. நேரம் எண்டு பாத்தா கொம்பனி சொல்லுறது மாசத்துக்கு இருவது செக்கன் கூடக் குறைய. என்டது மூணு மாசத்தில நாப்பது செக்கன் முந்தி ஓடுது, பிந்தி ஓடாட்டி எனக்குக் காணும். உள்ளுக்க ஒரு குவாட்ஸ் பளிங்குத் துண்டு செக்கனுக்கு 32,768 தரம் அதிர, அத எண்ணித்தான் செக்கன் முள்ளு ஒருக்கா நகருது, இது ஆறாயிரத்துக்கும் அப்படித்தான் அறுபதாயிரத்துக்கும் அப்படித்தான். அதால பெட்டரி மணிக்கூட்டில விலை கூடக் கூட நேரம் சரியா வரும் எண்டு சொல்லுற கடைக்காரரிட்டக் கொஞ்சம் கவனமா இருங்க.

இந்த நேரக் கதையில அப்பாட சீக்கோ 5 ஒண்டு, பெட்டரி இல்லாம கை ஆட ஆட ஓடுற மணிக்கூடு, ஞாபகம் வருது. 1996ல அரசாங்கம் மணிக்கூட்ட முதல்ல ஒரு மணித்தியாலம், பிறகு திருத்தி அரை மணித்தியாலம் முந்தி வச்சிட்டு, 2006 சித்திரையிலதான் திரும்பப் பழைய நேரத்துக்கு வந்தது. ஆனா ஆத்துக்கு அங்கால, அரசாங்கத்தின்ட கட்டுப்பாட்டில இல்லாத பக்கம் எல்லாம் பழைய நேரந்தான் ஓடினது. அப்பா வயல் பாக்க அக்கரைக்குப் போனா பாதையில ஏறி இறங்கிறதுக்குள்ள அரை மணித்தியாலம் மிச்சமாகிடும், திரும்பி வரேக்க அதத் திருப்பிக் குடுக்கோணும். கலியாண வீட்டுக் கார்டில "பழைய நேரம்" எண்டு அடைப்புக்குறிக்குள்ள போடுவாங்க. அப்பா முள்ளத் திருப்பவே மாட்டார், மனசால கழிப்பார். அந்த சீக்கோ இப்ப அலுமாரிக்குள்ள, ஆட்டினா ரெண்டு நிமிஷம் ஓடி நிக்குது, சேர்விஸ் பண்ணக் கேட்ட காசுக்கு இன்னொரு எம்கியூ வாங்கலாம். செய்வன், சம்பள நிலுவை வரட்டும்.

இனிக் குறைகள். சத்தம். பகலில தெரியாது, இரவு மேசையில வச்சா டக் டக் டக் எண்டு பல்லி கத்திற மாதிரி. முதல் நாள் மனிசி எழும்பி "இத வெளியில வைக்கிறீங்களா நான் வெளியில போகவா" எண்டு கேட்டா. இப்ப ஒரு சொக்ஸுக்குள்ள போட்டு லாச்சிக்குள்ள வைக்கிறன். இருட்டில ஒண்டும் தெரியாது, லைட்டும் இல்ல முள்ளில ஒளிர்ற பூச்சும் இல்ல, கரண்ட் போனா மணிக்கூடும் போன மாதிரி. செக்கன் முள்ளு கோட்டில சரியா விழாது, கொஞ்சம் தள்ளித்தான் விழும், சித்திரக்காரன் கண்ணுக்கு அது ஒரு முள்ளுத்தான். பட்டி நல்ல வெக்கையில ஒட்டும், கைமயிரையும் ஒண்டு ரெண்டு புடுங்கும். பிறகு அளவு, என்ட கை மெல்லிசு, எனக்குச் சரி. மொத்தக் கைக்காரர் கட்டிப் பாக்காம வாங்காதீங்க, எங்கட பீ.ரீ. சேர் கட்டிப் பாத்தார், புள்ளைட வோச்சக் களவெடுத்துக் கட்டின மாதிரி இருந்தது. கலியாண வீட்டுக்கு வேட்டி சேட்டோட கட்டினா யாரும் எங்க எடுத்த எண்டு கேக்க மாட்டாங்க, அதையும் சொல்லிப்போடுறன்.

ஒரு விஷயம் மட்டும் வாங்கிற ஆக்கள் ஞாபகம் வச்சிருங்க. பெட்டரி ரெண்டு வருஷம் மட்டும் வரும் எண்டு கொம்பனி சொல்லுது, இதுக்குப் போடுறது எஸ்ஆர்626 எண்ட சில்வர் ஒக்சைட் பெட்டரி. மாத்தப் போனா சில இடத்தில ஏஜி4 எண்டு அதே அளவில மலிவு அல்கலைன் ஒண்டப் போட்டு அனுப்பிடுவாங்க, அது கெதியா இறங்கும், உள்ளுக்குக் கசிஞ்சா மெஷினையும் தின்னும். காசு கொஞ்சம் கூட எண்டாலும் எஸ்ஆர் எண்டு அடிச்சதக் கேட்டு, கண்ணுக்கு முன்னால போடச் சொல்லுங்க, அந்த வாஷரையும் திரும்ப ஒழுங்கா வச்சு மூடுறாரா எண்டு பாருங்க.

பழசுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டா, ஐயா அதில இருந்த மெஷினக் கழட்டிக் காய வைச்சு எடுத்து வேற யாருக்கோ சுவாமிப் படத்தோட இருக்கிற சின்ன மேசை மணிக்கூடு ஒண்டுக்குள்ள போட்டிட்டார். அது நல்லா ஓடுதாம். எனக்கு அதுக்குப் பதிலா எம்கியூட பட்டிக்கு ஒரு ஓட்டை கூடப் போட்டுத் தந்தார், காசு வேண்டல்ல.