நாம் ஜூன் பைக்கின் டிவிகள்: பிக்சர் டியூபா, எல்சிடியா?

டிவிகளையே கலைப்பொருளாக்கிய வீடியோ கலைஞர் பைக்கின் படைப்பில் ஒரு டிவி பழுதாகி அணைந்தால் எதை மாட்டுவது? பழைய டிவிகளின் கண்ணாடி பிக்சர் டியூபையா, தட்டையான எல்சிடி திரையையா?

பிம்பம்: டியூபுக்குள் ஓடும் எலெக்ட்ரான் கற்றையைக் காந்தம் வளைக்கும். டிவி மேல் காந்தம் வைத்த அவரது 1965-இன் 'மேக்னட் டிவி' முழுக்க இந்த வளைவுதான். எல்சிடியில் கற்றையே கிடையாது. மேலே எவ்வளவு பெரிய காந்தம் வைத்தாலும் அந்த அலை உருவம் வராது. இங்கே எல்சிடி என்ற பேச்சுக்கே இடமில்லை.

உதிரி: டியூபுக்குப் பழைய செட்டுகளைத் தேடிப் பிரிக்க வேண்டும், எல்சிடி கடையிலேயே கிடைக்கும்.

சூடு, மின்செலவு: டியூபுக்கு அதிகம்.

தென்கொரியாவின் குவாச்சனில் 1,003 டிவிகள் அடுக்கிய பைக்கின் 1988-இன் கோபுரம் 2018-இல் நிறுத்தப்பட்டு, 2022-இல் மீண்டும் ஓடியது. பெரும்பாலும் டியூபே, மேலடுக்கின் சிறிய திரைகள் மட்டும் எல்சிடி. பதிவான வீடியோ ஓடும் கோபுரத்துக்கு இந்தக் கலவை சரி. புத்தர் சிலை டிவியில் தன்னையே பார்த்திருக்க, டிவி பெட்டியே சிற்பமாக நிற்கும் 'டிவி புத்தா'வுக்கு டியூப்தான்.